ஆடு இல்லாதவர்களுக்கு மட்டும்

மழைக்கும் வரி போட்டுவிட்டதால் மழையே எட்டிப் பார்க்காத ஒரு நாடு இருந்தது. பொன்வாசல் நாடு என்று பெயர். அந்த வாசலைப் பார்த்தவர் யாரும் இல்லை. ஆனால் பள்ளிப் பிள்ளைகள் அதைப் பற்றிப் பாட்டுப் படித்தார்கள்.

அதை ஆண்ட வாகைக்கோன் மன்னருக்கு மக்கள் மேல் கொள்ளைப் பிரியம். அதிலும் ஏழை இளைஞர்கள் என்றால் உயிர். ஒரு கோடையில், உச்சி வெயிலில், அவருடைய தேர் முள்ளிக்குளம் என்ற ஊர் வழியாகப் போனது. ஊருக்கு வெளியே ஒரு புளியமரம். நிழலில் ஏழெட்டு இளைஞர்கள் உட்கார்ந்திருந்தார்கள். திரையை விலக்கிப் பார்த்த மன்னருக்குக் கண் கலங்கிவிட்டது.

"அமைச்சரே, பட்டப்பகலில் இந்தப் பிள்ளைகள் ஏன் சும்மா உட்கார்ந்திருக்கிறார்கள்?"

"வேலை இல்லை மன்னா. இருந்தால் உட்காருவார்களா?" என்றார் தொழில் அமைச்சர் தண்டநாயகம்.

அவர்கள் அப்போது வேலையில்தான் இருந்தார்கள். ஆடு மேய்ப்பவர்களுக்கு உச்சிப்பொழுது உட்காரும் நேரம். வெயில் ஏறியதும் ஆடுகள் நிழலில் படுத்து அசைபோடும். மேய்ப்பவரும் கூடவே உட்கார்ந்து, நாய் வருகிறதா நரி வருகிறதா என்று கண் வைத்திருக்க வேண்டும். ஆடுகள் மரத்துக்கு அந்தப் பக்கம் படுத்திருந்தன. தேர் இந்தப் பக்கம் நின்றது. இறங்கி நாலு எட்டு வைத்திருந்தால் தெரிந்திருக்கும். மன்னர்கள் இறங்கும் வழக்கம் அந்த நாட்டில் இல்லை.

அடுத்த வாரமே முரசு அறைந்தார்கள். கிராமத்து ஏழை இளைஞர்களுக்கு இலவசப் பயிற்சி. முடித்தவுடன் தலைநகரில் வேலை. மன்னர் தம் கையாலேயே நீலத் தலைப்பாகை கட்டிவிடுவார். முள்ளிக்குளத்துப் புளியமரத்தடியில் பந்தல் போட்டு, பதிவு செய்ய வித்யாபதி என்ற அதிகாரி வந்து உட்கார்ந்தார். முதல் ஆளாகப் போய் நின்றவள் மாடத்தி.

மாடத்திக்கு அப்பா இல்லை. அம்மாவுக்கு முழங்கால் வீங்கி நடக்க முடியாது. ஏழு ஆடுதான் அந்த வீட்டின் சோறு. இரண்டு வருடமாக மழை ஏமாற்றியதில் காட்டில் புல் கருகிவிட்டது. மாதம் தவறாமல் ஒரு சம்பளம் வந்தால் அம்மாவை வைத்தியரிடம் காட்டலாம் என்று அவள் நினைத்தாள். அதற்கு மேல் எந்தப் பேராசையும் அவளுக்கு இல்லை.

"ஆடு மாடு உண்டா?" என்று கேட்டார் வித்யாபதி.

"ஏழு ஆடு இருக்குய்யா."

"அப்படியானால் உனக்கு வேலை இருக்கிறது. வேலை இருப்பவளுக்கு வேலை கொடுத்தால் அது முறைகேடு. போ."

"என்னய்யா இப்படிச் சொல்லுதிய? புல்லு இல்லாம அதுகளே எலும்புந் தோலுமா நிக்கி."

"எலும்பாக இருந்தாலும் ஆடு ஆடுதான். இந்தத் திட்டம் ஒன்றுமே இல்லாதவர்களுக்கு. ஒன்றுமே இல்லாமல் வா, உடனே சேர்த்துக்கொள்கிறேன்."

பந்தலுக்குப் பத்தடி தள்ளி வண்டிகளோடு ஒருவர் காத்திருந்தார். சொக்கப்பன் செட்டியார், மந்தை வியாபாரி, அமைச்சர் தண்டநாயகத்தின் மைத்துனர். அங்கே எதற்கு வந்தார் என்று யாரும் கேட்கவில்லை. ஊரே ஒரே நாளில் ஆட்டை விற்க வந்தால் என்ன விலை கிடைக்கும்? கேட்டால் வயிறு எரியும், விடுங்கள்.

மாடத்தி ஏழு ஆடுகளையும் ஓட்டிக்கொண்டு போனாள். முன்னால் போனது கருவாச்சி. பிறந்த அன்றே தாயை இழந்த ஆடு அது. மாடத்தி விரலில் கஞ்சியைத் தொட்டுத் தொட்டு ஊட்டி வளர்த்தது. வண்டியில் ஏற மாட்டேன் என்று முரண்டு பிடித்தது. அவளே ஏறிக் கூப்பிட்ட பிறகுதான் ஏறியது. அன்று வீட்டுக்கு வந்தவள் நேரே அடுப்படியில் உட்கார்ந்து அழுதாள்.

"ஏட்டி, ஆடு போனா போவுது. ஒனக்கு வேல கெடச்சா இன்னும் பத்து வாங்கிக்கிடலாம்" என்றாள் அம்மா.

பயிற்சி தலைநகரில் நடந்தது. சத்திரங்களுக்கு வரும் விருந்தாளிகளை வரவேற்பது எப்படி என்பதுதான் பாடம். குனிவதில் மூன்று வகை இருந்தது: வணிகருக்கு, அதிகாரிக்கு, அதிகாரியின் மனைவிக்கு. மூன்றாவதற்கு முதுகெலும்பே இருக்கக் கூடாது. மாடத்தி மூன்றையும் நன்றாகவே கற்றாள். விழா மேடையில் மன்னர் தலைப்பாகை கட்டினார். கூட்டம் கைதட்டியது. சும்மா சொல்லக் கூடாது, தலைப்பாகை அவளுக்கு எடுப்பாகத்தான் இருந்தது.

இதற்கும் ஒரு சட்டம் உண்டு. ஒருவர் தலையில் அந்தத் தலைப்பாகை பௌர்ணமி வரை இருந்துவிட்டால் அவருக்கு நிரந்தர வேலை கிடைத்துவிட்டதாகப் பொருள். வேலை கொடுத்த முதலாளிக்கு அரண்மனை வெகுமதி தரும். எல்லா முதலாளிகளும் சட்டத்தை மதித்தார்கள். பௌர்ணமி வரை ஒருவரைக்கூட அனுப்பவில்லை. மறுநாள் காலையில் எல்லாரையும் அனுப்பிவிட்டார்கள். அடுத்த விழாவுக்கு வேண்டும் என்று சேவகர்கள் வந்து தலைப்பாகைகளையும் அவிழ்த்துக்கொண்டு போனார்கள்.

மாடத்தி ஊருக்குத் திரும்பினாள். கையில் இருந்தது வண்டிக் கூலிக்கே சரியாகிவிட்டது. ஊரில் கைக்குழந்தைகளுக்குக்கூட ஒரு சொட்டு ஆட்டுப்பால் இல்லை. பஞ்ச காலக் கஞ்சித் தொட்டிக்குப் பாத்திரத்தோடு போனாள். "நீ நிரந்தர வேலை கிடைத்தவள் ஆயிற்றே, உனக்கு எதற்குக் கஞ்சி?" என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். வேலை போன கதையைச் சொல்லி ஊரார் முறையிட்டார்கள். அமைச்சர் ஆழ்ந்து யோசித்து, வேலையில் நிலைக்காதது இளைஞர்களின் பயிற்சிக் குறைபாடு என்று கண்டுபிடித்தார். மறுபடியும் பயிற்சி கொடுக்க உத்தரவானது.

இதற்கிடையில் சொக்கப்பன் செட்டியாருக்கு ஒரு சங்கடம். நாட்டு ஆடெல்லாம் அவரிடம். மேய்க்க ஆள் இல்லை. ஆடுகள் அரண்மனைத் தோட்டத்தில் புகுந்து மன்னரின் மல்லிகைப் பந்தலைத் தின்றுவிட்டன. ஆகவே புதிய பயிற்சிக்கு ஆடு மேய்த்தல் என்றே பெயர் வைத்தார்கள்.

மாடத்தியும் அவள் பக்கத்து வீட்டு இசக்கியும் போய் முதல் வரிசையில் உட்கார்ந்தார்கள். சுவரில் ஒரு திரை. திரையில் பெரிய ஆட்டின் படம். கடல் கடந்து போய்ப் படித்துவிட்டு வந்த ஆசிரியர் பிரம்பால் தொட்டுக் காட்டி, "இது தலை. இது வால். ஆடு தலை இருக்கும் திசையில் நகரும்" என்றார்.

"ஏட்டி, நல்லாக் கேட்டுக்க. இத்தன நாளா நாம வாலு பக்கமால்லா ஓட்டிட்டு இருந்தோம்" என்று இசக்கி முணுமுணுத்தான். அடக்க முடியாமல் சிரித்ததற்காக மாடத்தியை ஒரு நாள் முழுவதும் வெளியே நிறுத்தி வைத்தார்கள்.

தலைப்பாகை விழாவில் மன்னரின் முன்னால் செய்முறை விளக்கம் நடந்தது. மைதானத்தின் கோடியில் செட்டியாரின் மந்தையை விட்டிருந்தார்கள். ஆசிரியர் கையை உயர்த்தி, "ஆடுகளே, முன்னேறி வருக!" என்றார். ஒன்றும் அசையவில்லை. இன்னும் உரக்கச் சொன்னார். ஒரு கிடா திரும்பிப் படுத்துக்கொண்டது. அமைச்சருக்கு வேர்த்தது.

மாடத்தி வரிசையை விட்டு வெளியே வந்தாள். நாக்கை மடக்கி, "ட்ர்ர்ர்ர் பா, பா" என்றாள். மந்தைக்குள் எங்கோ ஒரு தலை நிமிர்ந்தது. கருவாச்சி கூட்டத்தைப் பிளந்துகொண்டு ஓடிவந்து அவள் வயிற்றில் முட்டியது. அதன் பின்னால் மந்தையே வந்தது. மாடத்தி அதைக் கட்டிக்கொண்டு விம்மி விம்மி அழுதாள்.

"ஆகா! ஒரே பயிற்சியில் இவ்வளவா!" மன்னர் ஆசனத்தைவிட்டு எழுந்துவிட்டார்.

"மகாராசா, இது என் ஆடு. நான் வளத்த ஆடு" என்றாள் மாடத்தி.

தண்டநாயகம் ஒரு கணம்கூடத் தடுமாறவில்லை. "பார்த்தீர்களா மன்னா! முதலாளியின் ஆட்டைத் தன் ஆடாகவே நினைக்கும் அளவுக்கு உருவாக்கியிருக்கிறோம்."

மன்னர் கண்ணைத் துடைத்துக்கொண்டு அவளுக்குத் தலைப்பாகை கட்டினார். ஆசிரியருக்குப் பொற்காப்பு கிடைத்தது.

பௌர்ணமி வரை மாடத்தி கருவாச்சியை மேய்த்தாள். அந்த நாட்களில் அவள் சந்தோஷமாகவே இருந்தாள், அதை மறைப்பானேன். மறுநாள் அனுப்பிவிட்டார்கள். வெகுமதிக்காகப் பௌர்ணமிக்குப் பௌர்ணமி செட்டியார் புதுப்புது ஆட்களை எடுத்தார். ஆள் பழகாத மந்தை மேயாமல் மெலிந்தது. மெலிந்த ஆட்டை வைத்துக்கொண்டு என்ன செய்வது? திட்டத்தின் வெற்றி விழா விருந்துக்கென்று அரண்மனை மடைப்பள்ளிக்கே விற்றுவிட்டார்.

அந்த விழாவுக்குப் போகும் வழியில் மன்னர் முள்ளிக்குளத்தை இன்னொரு முறை பார்க்க ஆசைப்பட்டார். அதே உச்சி வெயில். அதே புளியமரம். நிழலில் அதே இளைஞர்கள். இந்த முறை மரத்துக்கு அந்தப் பக்கம் ஒன்றும் இல்லை.

"அன்றைக்கு வேலையில்லாமல் உட்கார்ந்திருந்தார்களே, அவர்களா?" என்றார் மன்னர்.

"அவர்களேதான் மன்னா. உழைத்த களைப்பில் ஓய்வெடுக்கிறார்கள்."

"நிம்மதியான முகங்கள்" என்று மன்னர் பெருமூச்சு விட்டார்.

தேருக்குப் பின்னால் மடைப்பள்ளி வண்டிகள் வந்தன. கடைசி வண்டியில் கயிற்றால் கட்டியிருந்த ஆடுகளுக்கு நடுவே கருவாச்சி நின்றது. மாடத்தி பார்த்துவிட்டாள். எழுந்து ஓடினாள். "ட்ர்ர்ர்ர் பா, பா" என்று கத்தினாள். கருவாச்சி கழுத்தை இழுத்துக்கொண்டு கதறியது. கயிறு புதுக் கயிறு.

"அய்யா, சாமி, அத விட்ருங்கய்யா! ஒங்களுக்குப் புண்ணியமாப் போவும்!"

தேர்ச் சத்தத்தில் மன்னருக்கு அந்தக் கூப்பாட்டின் முதல் பாதிதான் கேட்டது. "இன்னும் பயிற்சியை மறக்கவில்லை பாருங்கள்!" என்று நெகிழ்ந்து போய், பக்கத்தில் இருந்த நீலத் தலைப்பாகை ஒன்றை எடுத்து அவள் பக்கம் வீசினார். தேர் போனது. வண்டிகளும் போயின.

மாடத்தி புழுதியில் உட்கார்ந்துவிட்டாள். தலைப்பாகை மடியில் கிடந்தது. இசக்கி வந்து தோளைத் தொட்டான்.

கொஞ்ச நேரத்தில் ஒரு சேவகன் மூச்சிரைக்கத் திரும்பி ஓடிவந்தான். தலைப்பாகையை எடுத்துத் தூசி தட்டி மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டான். நல்ல மனுஷன்தான், அவள் முகத்தைப் பார்த்துவிட்டு உடனே போக மனம் வரவில்லை.

"அழாதம்மா. நாளைக்கு அடுத்த பயிற்சிக்குப் பதிவு இருக்கு, சமையல் பயிற்சி. ஒங்கிட்ட ஆடு மாடு எதுவும் இல்லியே?"

"இல்ல" என்றாள் மாடத்தி.

"ரொம்ப நல்லது. அப்போ ஒனக்குத் தகுதி இருக்கு" என்று சொல்லிவிட்டு அவன் தேரைப் பிடிக்க ஓடினான்.