ரைட்டர் தொடங்கி வைத்த ஜப்பான் ஆட்டம்

ஒரு வீடியோ ஆட்டத்தைப் பற்றி நடுநிலையான கருத்து சொல்ல வேண்டுமானால், அதை ஒருபோதும் ஆடிப் பார்க்கக் கூடாது. இந்த மகத்தான உண்மையை 1995-ஆம் ஆண்டிலேயே கண்டுபிடித்த பெருமை ஏற்காட்டுக்கு உரியது. சரியாகச் சொன்னால், நாகலூர்ப் பக்கம் ஒரு காப்பி எஸ்டேட்டில் ரைட்டராக இருந்த ஞானசுந்தரம் அவர்களுக்கு உரியது. யார் வேலைக்கு வந்தார்கள், யார் எவ்வளவு பழம் பறித்தார்கள் என்று நோட்டில் எழுதுவதுதான் எஸ்டேட் ரைட்டரின் உத்தியோகம். பத்தொன்பது வருஷ சர்வீசில் அவர் ஒரு காப்பிப் பழத்தைக்கூடத் தன் கையால் பறித்ததில்லை. ஆனால் பழம் பறிப்பது எப்படி என்று அவரைப்போல விளக்கக்கூடியவர் சேர்வராயன் மலையிலேயே கிடையாது. வீடியோ ஆட்டத்திலும் அவர் அதே நேர்மையைக் கடைப்பிடித்தார்.

ஆட்டம் ஜப்பான் தேசத்து ஆட்டம். ஏற்காட்டில் ஒண்டிக்கடை என்கிற சந்திப்பில் மரியஜோசப் ஒரு வீடியோ கேசட் கடை வைத்திருந்தார். முந்தின வருஷம் கோடை சீசனுக்கு வந்த ஒரு குடும்பம் அங்கே வாடகைக்கு எடுத்த நான்கு படங்களைத் தொலைத்துவிட்டது. அதற்கு ஈடாக ஒரு கேம் பெட்டியையும் நீல நிறத்தில் ஒரு கேம் கேசட்டையும் கொடுத்துவிட்டு மலை இறங்கிவிட்டது. கேசட்டின் மேலே ஜப்பான் எழுத்து. போட்டுப் பார்த்தால் உள்ளேயும் ஜப்பான் எழுத்து. அதைப் படிக்கத் தெரிந்த ஒருவரும் ஊரில் இல்லாததால், கருத்துச் சுதந்திரத்துக்கு எந்த இடைஞ்சலும் ஏற்படவில்லை.

ஆட்டத்தின் நாயகன் ஒரு பையன். முள்ளம்பன்றித் தலை, முதுகில் வாள். தன் வீட்டிலிருந்து கிளம்பி ஊர் ஊராக நடப்பான். காட்டில் ஏதாவது எதிர்ப்பட்டால் சண்டை. இவன் ஒரு அடி அடித்துவிட்டு, எதிரி திருப்பி அடிக்கும் வரைக்கும் மரியாதையாகக் காத்து நிற்பான். ரேஷன் கடையில்கூட இவ்வளவு ஒழுங்கான வரிசையைப் பார்க்க முடியாது. ஆட்டத்தை நிறுத்தி வைக்க வேண்டுமானால், பையன் ஏதாவது ஊரில் கோயிலுக்குப் போய்ச் சாமியார் முன்னால் நிற்க வேண்டும். சாமியார் ஏதோ கேட்பார், இவன் தலையாட்டுவான், அதுவரை நடந்ததெல்லாம் கேசட்டுக்குள் பதிவாகிவிடும்.

ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிந்து வருகிறவர்கள், சந்தைக்கு வந்தவர்கள், பஸ்ஸுக்குக் காத்திருப்பவர்கள் எல்லாரும் கடையில் கூடினார்கள். கூடியவர்கள் சும்மா இருக்க முடியுமா? 'சேர்வராயன் மலை ஜப்பானிய ஆட்டக் கருத்தாளர் மன்றம்' உதயமாயிற்று. ஞானசுந்தரம் தலைவர். உறுப்பினர்கள் இருபத்து மூன்று பேர். அதில் ஒன்பது பேர் துணைத் தலைவர்கள்.

கருத்துகள் குவிந்தன. செம்மநத்தத்தில் காப்பியும் பலாவும் வைத்திருந்த மாதப்பனுக்குப் பையனின் நடத்தை பிடிக்கவில்லை.

"அதென்னுங்க, எந்த ஊட்டுக்குள்ள வேணும்னாலும் பூந்துக்கறான். பானையை உடைக்கறான், பெட்டியைத் தொறக்கறான், இருக்கறதை எடுத்துக்கறான். ஊட்டுக்காரன் பக்கத்துலயே நின்னு சிரிச்சுட்டிருக்கான். இவனை எங்க ஊருக்கு ஒருக்கா வரச் சொல்லுங்க, அப்புறம் தெரியும்."

மாதா கோயிலில் ஜெபம் சொல்லிக்கொடுக்கும் உபதேசியார் ஆரோக்கியதாஸ் இதைக் கடுமையாக மறுத்தார்.

"பையன் நொம்ப பக்திமானுங்க. நம்ம பங்குல வருசத்துக்கு ஒருக்கா செஞ்ச பாவத்தைச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் பண்ண ஆளைக் கூட்டியாறதே பெரும்பாடு. இவன் ஒரு நாளைக்கு நாலு தடவை சாமியார்கிட்டப் போறானுங்க. பானை உடைச்ச பாவமெல்லாம் அங்கேயே தீந்துருதுங்க."

விவகாரம் முற்றியதால் பட்டிமன்றம் வைக்க வேண்டியதாயிற்று. தலைப்பு: 'பானை உடைப்பது வீரமா, திருட்டா?' நடுவர் ஞானசுந்தரம். இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள் நடந்தது. பேச்சாளர்களின் கவனம் சிதறக் கூடாது என்பதற்காக அந்த இரண்டு வாரமும் டிவியின் மேல் துண்டு போட்டு மூடிவைத்தார்கள். 'வீரத்தோடு கூடிய திருட்டு' என்று நடுவர் தீர்ப்பளித்தபோது இரு தரப்பும் தாங்களே ஜெயித்ததாக எண்ணி டீ குடிக்கப் போயின.

ஆனால் ஞானசுந்தரத்தின் தலையாய கருத்து வேறு. இந்த ஆட்டத்துக்குக் கடைசி என்பதே கிடையாது என்பது அவருடைய முடிபு. 'கீழை நாட்டு ஞானம் எதையும் முடித்து வைப்பதில்லை' என்று தொடங்கிப் பதினாறு பக்கம் எழுதி, எஸ்டேட் ஆபீஸில் சைக்ளோஸ்டைல் செய்து, ஐம்பது பிரதிகள் வினியோகித்தார். பங்குச் சாமியாருக்கு ஒன்று போயிற்று. எஸ்டேட் மேனேஜருக்கு ஒன்று போயிற்று. மேனேஜர் அட்டையைப் பார்த்துவிட்டு, இரண்டு கிளார்க்குகளின் முன்னிலையில் 'குட்' என்றார். பத்தொன்பது வருஷத்தில் ஞானசுந்தரத்துக்கு அந்த வாயிலிருந்து கிடைத்த முதல் 'குட்' அதுதான். அன்று ராத்திரி அவர் சாப்பிடும்போதுகூடத் தனக்குத்தானே சிரித்துக்கொண்டதாக வீட்டில் சொன்னார்கள்.

இப்படி எல்லாம் செவ்வனே நடந்துகொண்டிருந்த மன்றத்துக்கு, ஆட்டத்தை ஆடுகிற ஒரு ஆளும் தேவைப்பட்டது. அந்தச் சில்லறை வேலையைத் தேவகுமாரி பார்த்துக்கொண்டாள். இருபத்து நான்கு வயதுப் பெண். திரும்பி வருகிற படக் கேசட்டுகளை மிஷினில் போட்டு முதலிலிருந்து ஓடும்படி சுற்றி வைப்பதுதான் கடையில் அவளுக்கு வேலை. ஒரு கேசட் சுற்றி முடிய நாலைந்து நிமிஷம் ஆகும். அந்த நாலைந்து நிமிஷங்களாகச் சேர்த்துப் பதினோரு மாதம் அந்தப் பையனை நடத்திக்கொண்டு போயிருந்தாள். பழைய காலண்டர் தாளின் பின்பக்கத்தில் ஊர்களையும் சுரங்கங்களையும் வரைந்து வைத்திருந்தாள். எந்த எழுத்து மருந்து, எந்த எழுத்து நெருப்பு என்று வடிவத்தைப் பார்த்தே சொல்லுவாள். மன்றத்தின் பதிவேட்டில் அவள் பெயர் 'ஆட்ட உதவியாளர்' என்று இருந்தது. அவளிடம் மட்டும் யாரும் கருத்துக் கேட்டதில்லை. ஆடுகிறவர்கள் ஒரு பக்கம் சாய்ந்துவிடுவார்கள் என்று தலைவர் முன்பே எச்சரித்திருந்தார்.

அக்டோபரில் ஒரு சனிக்கிழமை, மன்ற வேலையாகக் கடைக்கு வந்த ஞானசுந்தரத்திடம் அவள் சொன்னாள்.

"ரைட்டரய்யா, பையன் கடைசிக் கோட்டை வாசலுக்கு வந்துட்டானுங்க. திருப்பிக் கூட்டியாந்து கோயில்ல பதிஞ்சு வெச்சிருக்கேன். இனி ஒரே ஒரு சண்டைதானுங்க."

"கடைசின்னு உனக்கு எப்படித் தெரியும் கண்ணு?"

"மேப்புல வேற எடமே பாக்கி இல்லீங்களே. நாளைக்கு ஒரு மணி நேரம் போதுமுங்க. அந்தப் பையன் ஊட்டுக்குத் திரும்பிப் போறானா இல்லையான்னு பாத்துரலாம்."

அடுத்த வாரம் அவளுக்குக் கல்யாணம். மாப்பிள்ளைக்கு ஓசூரில் வேலை. ஞாயிற்றுக்கிழமைதான் கடையில் அவளுக்குக் கடைசி நாள்.

"எனக்கு வேற ஒண்ணும் வேண்டாமுங்க" என்றாள். "பையன் கெளம்பறப்ப அவங்கம்மா வாசல்ல நின்னுச்சுங்க. எப்பப் போய்ப் பேசுனாலும் அதே ஒரு வரியத்தான் சொல்லும். இவன் ஜெயிச்சுட்டுப் போனா வேற ஏதாச்சும் சொல்லுமான்னு பாக்கோணும். அதைப் பாத்துட்டு நிம்மதியா ஓசூர் போயிருவேன்."

பெண்ணின் ஆசையைப் பற்றி ஞானசுந்தரத்துக்கு ஒரு ஆட்சேபமும் இல்லை. ஐம்பது பிரதிகளைப் பற்றித்தான் கவலை. மேனேஜரின் 'குட்' என்ன ஆகும்? இரண்டு கிளார்க்குகளும் என்ன பேசுவார்கள்? பஸ்ஸில் நாகலூர் போகும் வழியெல்லாம் அவர் ஜன்னல் கம்பியைப் பிடித்தபடி யோசித்தார். இறங்கும்போது முகம் தெளிந்திருந்தது.

மறுநாள் கடையில் நிற்க இடமில்லை. செய்தி கேட்டு மன்றமே கலங்கிப் போயிருந்தது.

"ஏனுங்க, கடைசி என்னன்னு தெரிஞ்சுட்டா அப்புறம் ஞாயித்துக்கெழமை எதைப் பத்திங்க பேசறது?" என்று உபதேசியார் நியாயமாகவே கேட்டார்.

"தெரிஞ்சா தெரிஞ்சுட்டுப் போவுதுங்க" என்றார் மாதப்பன். "கடைசில அவன் ராசாவே ஆனாலும் என் கருத்துல அவன் பானை உடைச்சவன்தான்."

அப்போது ஞானசுந்தரம் எழுந்தார். அவருடைய பெருந்தன்மையை என்னவென்று சொல்வது! தன் ஆராய்ச்சிக்கு எதிராக ஒருவேளை சான்று கிடைத்தாலும் அதை வரவேற்பதாக அறிவித்தார். ஒரே ஒரு விண்ணப்பம் மட்டும் வைத்தார்.

"இது சாதாரண காரியம் இல்லைங்க. நம்ம ஊர்ல ஒரு தண்ணிக் குழாயைக்கூட யாராச்சும் தொறந்து வெச்சாத்தான் தண்ணி வருது. இந்த இறுதி ஆட்டத்தையும் முறைப்படி தொடங்கி வெக்கோணும். வேற யாரும் கெடைக்கலைன்னா, நானே அந்தச் சிரமத்தை ஏத்துக்கறேன்."

கைதட்டல் எழுந்தது. மரியஜோசப் அறுந்துபோன பட நாடாவில் இரண்டு முழம் எடுத்து டிவியின் குறுக்கே கட்டினார். தலைவர் அதைக் கத்தரித்தார். வரவேற்புரை இருபது நிமிஷம், வாழ்த்துரை ஒன்பது துணைத் தலைவர்களுக்கும் ஆளுக்கு ஐந்து நிமிஷம். தேவகுமாரி காலண்டர் தாள்களைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டு ஓரமாக நின்றாள். பிறகு பெட்டியைப் போட்டு, பட்டன் பலகையை இரண்டு கையாலும் தலைவரிடம் கொடுத்தாள். ஞானசுந்தரம் வாழ்க்கையில் முதல் முறையாக அதைத் தொட்டார்.

"மேல் வரி நம்ம ஆட்டமுங்க. அம்பு அதுலதான் நிக்குது, அப்படியே அமுக்கிட்டு எங்கிட்டக் குடுத்துருங்க" என்றாள் அவள். "கீழ் வரிக்குப் போகாதீங்க, அது அழிக்கறது. தெரியாமப் போயிட்டாலும் பயமில்லீங்க. அழிக்கட்டுமான்னு மறுபடி ஒருக்கா கேக்கும். அப்ப அம்பு வேண்டாங்கறதுலதான் நிக்கும். அதை அமுக்குனாத் திரும்பி வந்துரும்."

"புரிஞ்சுது கண்ணு" என்றார் ஞானசுந்தரம். அவருக்கு எதையும் ஒரு தடவை சொன்னால் போதும்.

அம்பு கீழ் வரிக்கு இறங்கியது. தலைவர் அமுக்கினார். திரையில் ஒரு சின்னக் கட்டம் வந்து கேள்வி கேட்டது. அம்பு 'வேண்டாம்' மேல் நின்றது.

"அமுக்குங்க, அமுக்குங்க, திரும்பிரும்" என்றாள் தேவகுமாரி.

அம்பு மெதுவாக ஒரு படி மேலே ஏறி 'ஆமாம்' பக்கம் போய் நின்றது. அதன் பிறகுதான் தலைவர் அமுக்கினார். ஒரு குட்டி இசை வாசித்துவிட்டுத் திரை கறுத்தது. மறுபடி வெளிச்சம் வந்தபோது மேல் வரி காலியாக இருந்தது. தொடங்கி வைத்தால் கைதட்ட வேண்டும் என்ற பண்பாடு தெரிந்த கூட்டம், நன்றாகக் கைதட்டியது.

தேவகுமாரி கைதட்டவில்லை. காலண்டர் தாள்கள் கையிலிருந்து நழுவியதைக்கூட அவள் கவனிக்கவில்லை. அவள் முகத்தைப் பார்த்தபோது ஞானசுந்தரத்துக்குப் பாவமாகத்தான் இருந்தது. அவரும் இரண்டு பெண்களைப் பெற்றவர்தானே. ஆனால் கிளார்க்குகளின் முகம் நினைவுக்கு வந்ததும் அந்தப் பாவம் தணிந்துவிட்டது.

"போச்சுங்க" என்றாள் அவள். "பதினோரு மாசமுங்க."

"பார்த்தீங்களா?" என்று தலைவர் சபையைப் பார்த்தார். "நான் எழுதினதுதான். இந்த ஆட்டம் தன்னை முடிக்க யாரையும் விடாது. கடைசி வாசல் வரைக்கும் கூட்டிட்டுப் போய், மறுபடி மொதல்லயே கொண்டுவந்து விட்டுருச்சு. என்னே கீழை நாட்டு ஞானம்."

சபை மெய்சிலிர்த்தது. இனி எல்லா ஞாயிற்றுக்கிழமைகளுக்கும் பேச விஷயம் இருக்கிறது என்ற நிம்மதி உபதேசியார் முகத்தில் தெரிந்தது.

"ஆட்டம் ஒண்ணும் பண்ணலீங்க" என்றாள் தேவகுமாரி. "அது ரெண்டாந்தரம் கேட்டுச்சு. அம்பு வேண்டாங்கறதுலதான் நின்னுச்சு. ரைட்டரய்யாதான் அதை மேல ஏத்துனாரு. நான் பாத்தேனுங்க. இங்க எல்லாரும் பாத்தீங்க."

மரியஜோசப் மேஜை மேலிருந்த கத்தரிக்கோலைத் தேவையில்லாமல் எடுத்து டிராயருக்குள் வைத்தார். ஞானசுந்தரம் கோபப்படவில்லை. பெரியவர்கள் கோபப்படுவதில்லை.

"அது உன்னோட கருத்து, கண்ணு" என்றார் கனிவாக. "எல்லாக் கருத்துக்கும் இந்த மன்றத்துல எடம் உண்டு. பதிவு பண்ணிக்கலாம்."

"கருத்து இல்லீங்க. நடந்தது."

"நடந்ததா இல்லையான்னு ஒருத்தரே சொல்லிற முடியுங்களா? அப்புறம் மன்றம் எதுக்கு? ஓட்டுக்கு விட்டுரலாம்."

ஜனநாயகம் இவ்வளவு தூரம் தழைத்த ஊர் வேறெங்காவது உண்டா? மரியஜோசப் பதிவேட்டைத் திறந்து பேனாவோடு நின்றார். முதலில், அம்பு நகர்ந்தது என்று கருதுபவர்கள் கை தூக்கும்படி கேட்டுக்கொள்ளப்பட்டது. தேவகுமாரி ஒருத்தி தூக்கினாள். மாதப்பன் சுவரில் ஒட்டியிருந்த பட போஸ்டரைப் படித்துக்கொண்டிருந்தார். உறுப்பினர் அல்லாதவருக்கு வாக்குரிமை இல்லை என்பதால் அந்தக் கையை மரியஜோசப் எண்ணவில்லை.

அடுத்து, அம்பு நகரவே இல்லை என்று கருதுபவர்கள். இருபத்து மூன்று கைகள் உயர்ந்தன. எல்லாவற்றுக்கும் முந்தி உயர்ந்தது தலைவரின் வலக்கை. அம்பை மேலே ஏற்றிய கட்டைவிரலும் அதில்தான் இருந்தது.