ராஜாவின் மணிக்கூடும் என் பழைய நேரமும்

அரைகுறை அறிவு உள்ளவன் கையில் மணிக்கூடு இருக்கக்கூடாது. ஒன்றுமே தெரியாதவன் பக்கத்தில் நிற்பவரிடம் நேரம் கேட்டுத் தப்பிவிடுவான். எல்லாம் தெரிந்தவனுக்குப் பிரச்சினையே இல்லை. இடையில் நிற்கும் என்னைப் போன்றவன்தான் ஒரு கல்யாண மண்டபத்தையே காக்க வைப்பான்.

தொண்ணூறுகளின் பிற்பாதியில் பலெர்மோவில் ஓய்வுபெற்ற சரித்திரப் பேராசிரியர் ஒருவரின் வீட்டில் வேலை செய்தேன். சமைப்பது, புத்தகங்களில் தூசி தட்டுவது, சாப்பிட்டபின் அவர் பேசுவதைக் கேட்பது. (மூன்றாவதற்குத்தான் சம்பளம் கூட்டித் தந்திருக்க வேண்டும்.) அப்படிக் கேட்டதில் என் மண்டைக்குள் நிரந்தரமாகக் குடிவந்தது ராஜாவின் மணிக்கூடு.

எண்ணூறு வருடங்களுக்கு முன்னர் இந்த ஊரை ஆண்ட நோர்மன் ராஜா தன் அரண்மனையில் தண்ணீரால் இயங்கும் மணிக்கூடு ஒன்றைச் செய்வித்தாராம். மணிக்கூடு போய்விட்டது. அது எப்படி இருந்தது என்றுகூட எவருக்கும் தெரியாது. அதைப் பற்றிய கல்வெட்டு மட்டும் அரண்மனைச் சிற்றாலயத்துக்குப் பக்கத்துச் சுவரில் இருக்கிறது. லத்தீன், கிரேக்கம், அரபு என்று மூன்று மொழிகள். மூன்றிலும் வெவ்வேறு ஆண்டுக் கணக்கு: ஒன்று இயேசு பிறந்ததிலிருந்து, ஒன்று உலகம் படைக்கப்பட்டதிலிருந்து, ஒன்று நபி மதீனாவுக்குப் போனதிலிருந்து. கிரேக்க வரிகள் அந்த மணிக்கூட்டைப் பிழையில்லாமல் நேரம் சொல்லும் அதிசயம் என்று புகழ்வதாகப் பேராசிரியர் சொன்னார்.

யாருக்கும் தெரியாத மணிக்கூடு என்றால் எனக்கு வசதிதானே. சூரியனும் சந்திரனும் பன்னிரண்டு ராசிகளும் அதில் சுற்றி வந்தன என்று நானாகச் சேர்த்தேன். வேறு ஊரில் இப்படி ஒன்று செய்துவிடக்கூடாது என்று ராஜா அதைச் செய்தவனின் கண்களைக் குருடாக்கிவிட்டார் என்றும் சேர்த்தேன். பேராசிரியர் சிரித்தார். பெரிய மணிக்கூடு உள்ள எந்த ஊருக்குப் போனாலும் இந்தக் குருடனின் கதை தனக்கு முன்னரே அங்கே போயிருக்கும் என்றார். நான் அதைக் காதில் வாங்கவில்லை.

அந்தப் பங்குனியில் என் தங்கை வதனிக்குக் கல்யாணம். (பங்குனியில் கல்யாணமா என்று முகம் சுளிப்பவர்களுக்கு: கனடா மாப்பிள்ளைக்கு லீவு கிடைத்தது அப்போதுதான். லீவுக்கு முன்னால் மாதமாவது மண்ணாவது.) அப்பாவும் அம்மாவும் வன்னியில். இங்கே அவளுக்கு நான் ஒருவன்தான். ஜெர்மனியிலிருந்து வந்த ஐயர் ஞாயிறு பத்திலிருந்து பதினொன்று வரை முகூர்த்தம் என்று சொல்லியிருந்தார். எங்கள் வழக்கப்படி பெண்ணின் சகோதரனே மாப்பிள்ளைத் தோழன். மாப்பிள்ளையை அழைத்துவந்து மண்டபத்தில் சேர்ப்பது என் பொறுப்பு. அதைத்தவிர வேறு எந்தப் பொறுப்பும் எனக்குத் தரவில்லை. என்னைத் தெரிந்தவர்கள் கவனமாகத்தான் இருந்திருக்கிறார்கள்.

அதே ஞாயிறு விடியும்போது இத்தாலியில் மணிக்கூடுகளை ஒரு மணித்தியாலம் முன்னே தள்ளுவார்கள். அது எனக்கு நன்றாகவே தெரியும். ஆனால் அந்த நாட்களில் கொழும்பு அரசாங்கமும் நேரத்தை மாற்றியிருந்தது, எங்கள் சனம் பழைய நேரத்தை விடவில்லை. ஊருக்கு ரெலிபோன் எடுத்தால் பழைய நேரமா புது நேரமா என்று கேட்ட பிறகுதான் சுகம் விசாரிப்போம். அந்த ரோசம் எனக்குப் பலெர்மோவிலும் வந்தது. கிரகங்கள் என்ன, ரோமாபுரி அரசாங்கத்தின் சொல் கேட்டா நடக்கின்றன? கல்லில் மூன்று சனம் மூன்று கணக்கு வைத்திருந்ததே, எங்களுக்கும் ஒரு கணக்கு இருக்கக்கூடாதா? முகூர்த்தம் பழைய நேரத்தில்தான் என்று முடிவு செய்தேன். ஐயரிடம் கேட்டீர்களா என்றாள் வதனி. சூரியனைக் கேட்டால் போதும் என்றேன்.

மாப்பிள்ளை சுரேன் அரண்மனைக்குக் கிட்ட, அல்பெர்கேரியாவில் என் நண்பனின் வீட்டில் தங்கியிருந்தார். மண்டபமோ நகரத்தின் மறுகோடியில், பிரான்காச்சோவில். காரை நானே ஒரு மணித்தியாலம் பிந்தி வரச் சொல்லியிருந்தேன். நான் போனபோது சுரேன் பட்டுவேட்டியும் தலைப்பாவுமாகத் தயாராக இருந்தார். கல்யாணத்துக்கென்று மணிக்கூட்டைக் கழற்றி வைத்திருந்தார். அவருடைய சித்தப்பாவின் கையில் இருந்ததோ ரொறன்ரோ நேரம். நேரம் நிறையக் கிடக்கிறது, நடந்துபோகிற தூரத்தில் ஓர் அதிசயம் இருக்கிறது, வாருங்கள் என்றேன்.

தலைப்பா கட்டிய மாப்பிள்ளையைச் சந்தைக்குள்ளால் அரண்மனைக்குக் கூட்டிக்கொண்டு போனவன் உலகத்தில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். மீன்காரர்கள் எழுந்து நின்று கைதட்டினார்கள். கல்வெட்டின் முன்னால் உல்லாசப் பயணிகள் இருவர் சுரேனை அரண்மனை ஏற்பாடு என்று நினைத்துப் பக்கத்தில் நின்று படம் எடுத்தார்கள். நான் கதையைத் தொடங்கினேன். ராசிகள் சுழன்றன, தண்ணீர் விழுந்தது, கண் போனது. சித்தப்பா உண்மையாகவே கலங்கிவிட்டார். அந்த நேரம் பார்த்து மாதா கோயில் மணி பத்து அடித்தது. என் கையில் ஒன்பது.

“தம்பி, பத்தடிக்குது,” என்றார் சித்தப்பா.

அது இத்தாலிக்காரரின் புது நேரம் என்று விளக்கினேன். சுரேன் அதிகம் கதைக்காதவர். தலைப்பாவைச் சரிசெய்துகொண்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

“மச்சான், ஐயர் எந்த நேரத்தில சொன்னவர்?”

அத்தனை மாதங்களாக நான் கல்லிடம் கேட்டேன், சூரியனிடம் கேட்டேன், அந்த மனிதரிடம் மட்டும் கேட்கவில்லை. தெருமுனையில் ஒரு பொதுத் தொலைபேசி இருந்தது. மண்டபத்துக்கு எடுத்தேன். வதனியே வந்து பேசினாள்.

“அண்ணா, ஐயர் புது நேரத்திலதான் சொன்னவர். மாத்தித்தான் கணக்குப் பாத்தவராம். எல்லாரும் வந்திட்டினம். நீங்கள் எங்கை நிக்கிறியள்?”

அரண்மனையில் நிற்கிறேன் என்று சொல்லாமல், வந்துகொண்டிருக்கிறேன் என்று சொல்லி வைத்துவிட்டேன். நான் பிந்தி வரச் சொன்ன கார் இப்போதைக்கு வராது, அன்று குருத்தோலை ஞாயிறு, தெரு நிறைய ஒலிவ் கிளைகளோடு சனம். பேருந்து எங்கேயோ ஊர்வலத்துக்குப் பின்னால் சிக்கியிருந்தது. கடைசியில் தோடம்பழ வியாபாரி ஒருவர் தன் மூன்று சில்லு வண்டியில் ஏறச் சொன்னார். சித்தப்பா முன்னே, நாங்கள் இருவரும் பின்னே பெட்டிகளுக்கு நடுவில். வழியெல்லாம் சுரேன் தலைப்பாவை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு வந்தார். என்னைத் திட்டவே இல்லை. திட்டியிருந்தால் ஆறுதலாக இருந்திருக்கும்.

மண்டபத்துக்குள் நுழைந்தபோது சுவர் மணிக்கூட்டில் பதினொன்று கடந்து கால் மணி. ஐயர் பஞ்சாங்கத்தை மூடிப் பைக்குள் வைத்துக்கொண்டிருந்தார். அடுத்த நல்ல நாள் சுரேனின் லீவுக்கு வெளியே இருந்தது. பின்வரிசையில் யாரோ சகுனம் சரியில்லை என்று தொடங்கிவிட்டார்கள். என் தங்கையின் வாழ்க்கையை ஒரு கல்லின் முன்னால் தொலைத்துவிட்டேன் என்று நினைத்தேன். வதனி மணவறையில் இருந்தபடியே என்னைப் பக்கத்தில் வரச் சொன்னாள். என் கையைப் பிடித்துத் திருப்பி மணிக்கூட்டைப் பார்த்தாள்.

“ஐயா, அண்ணாவின்ரை நேரத்தில இன்னும் முகூர்த்தம் கிடக்கு. அதில கட்டலாம்.”

ஐயர் அவளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், வேட்டியில் தோடம்பழச் சாறு பட்ட மாப்பிள்ளையைப் பார்த்தார். பிறகு தன் கைக்கடிகாரத்தைக் கழற்றி, முள்ளை ஒரு மணித்தியாலம் பின்னே திருப்பி, கட்டிக்கொண்டார். மேளகாரர் இல்லாத ஊரில் கசெட்டில் கெட்டிமேளம் முழங்கியது.

இன்று ரொறன்ரோவில் எங்கள் உறவுக்குள் யாராவது பிந்தி வந்தால் அதற்குப் பெயர் ‘மச்சான் நேரம்’. வதனியின் பிள்ளைகளுக்கு நான் பழைய நேர மாமா. சுரேன் வேலையால் பிந்தி வந்தால், தாலி கட்டினதே பிந்தித்தானே என்பாராம். நான் அங்கே போய் ராஜாவின் கல்லைப் பற்றி வாயைத் திறந்தால் வீடே எழுந்து சப்பாத்து மாட்டுகிறது. அந்தக் கல்லை நான் பிழையாகத்தான் வாசித்தேன் என்பது மிகவும் பிந்தி விளங்கியது. அங்கே கணக்குத்தான் மூன்று, மணிக்கூடு ஒன்றுதான்.

பல வருடங்கள் கழித்து அவளிடம் கேட்டேன், எந்தத் துணிவில் அப்படிச் சொன்னாய் என்று.

“முகூர்த்தம் தப்பினது எண்டால் சனம் உங்களைத்தானே சாகுமட்டும் சொல்லும். உங்கடை நேரத்தில கட்டினால் ஒருத்தரும் ஒண்டும் சொல்லேலாது.”

அன்று முழுவதும் நான் அவளுக்காகப் பயந்துகொண்டிருந்தேன். அவள் எனக்காகப் பயந்திருக்கிறாள்.

ஒவ்வொரு மார்ச்சு கடைசி ஞாயிறும் ரொறன்ரோவிலிருந்து பலெர்மோவுக்கு அவளுடைய தொலைபேசி அழைப்பு வரும். கல்யாண நாள் வாழ்த்தெல்லாம் பிறகுதான். முதல் கேள்வி எப்போதும் ஒன்றே: “அண்ணா, உங்கை இப்ப என்ன நேரம்?” நான் பழையது, புதியது என்று இரண்டு நேரத்தையும் சொல்கிறேன்.