எட்டுக் கரண்டிச் சீனி

பரமசிவத்தின் கையிலிருந்த கிளாஸ் தட்டில் தாளம் போட்டது. சட்டை தெப்பமாக நனைந்திருந்தது.

"யாக்கூப், இன்னொரு தே ஓ. சீனி நாலு கரண்டி."

பால் ஒத்துக்கொள்ளாததால் அவனுக்கு எப்போதும் வெறும் தேநீர்தான்.

"நாலா? உங்க உடம்புக்கு ஆகாதுலா, அண்ணே."

"போடுன்னா போடு!"

காரணத்தைச் சொல்ல வெட்கம். காலில் கட்டி என்று சிராங்கூன் சாலையில் ஒரு புது டாக்டரிடம் போயிருந்தான். "வேற மாத்திரை ஏதாவது சாப்பிடுறீங்களா?" என்று அவர் கேட்டார். பழைய டாக்டரின் சர்க்கரை மாத்திரையைச் சொன்னால் இரண்டு பேருக்கும் துரோகம் செய்ததுபோல் ஆகிவிடும் என்று "இல்லை" என்றான். கட்டிக்கு சல்பா மாத்திரை கிடைத்தது. இன்று காலை பழைய டாக்டரிடம் குட்டு உடைந்தது.

"ரெண்டும் சேரவே கூடாது, மிஸ்டர் பரமசிவம்! சல்பா போய் என் மாத்திரைய முறுக்கிவிடும். சர்க்கரை கிடுகிடுன்னு இறங்கும். கை நடுங்கினா உடனே சீனியப் போட்டுக் குடிங்க. மயங்கிட்டீங்கன்னா உயிருக்கே ஆபத்து."

இரண்டாவது கிளாஸ் தித்தித்தது. நடுக்கம் கூடியது. மூன்றாவதற்கு எட்டுக் கரண்டி கேட்டுக் குடித்தான். யாக்கூப்புக்குப் பக்கத்தில் இன்னொரு யாக்கூப் முளைத்தான்.

"வாயுதான்" என்று தீர்ப்புச் சொன்னார் பக்கத்து மேசை நகைப்பத்தர் கோவிந்தசாமி. "எழுந்து நடங்க தம்பி, சரியாப் போயிடும்."

கையைப் பிடித்து மேசைகளைச் சுற்றி நடத்தினார். நடக்க நடக்கக் கால் பின்னியது. கடை வாசலில் தொங்கிய வாழைத்தாரின் முன் நின்று பரமசிவம் சலாம் வைத்தான்.

"சார், அரைநாள் லீவு வேணும். சம்சாரத்த ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போகணும்."

கடை சிரித்தது. யாக்கூப் சிரிக்கவில்லை. அந்தச் சம்சாரம், மங்களம், இறந்து ஒரு வருஷமாகிறது.

வாழைத்தார் லீவு தரவில்லை. பரமசிவம் அதன் கீழேயே சரிந்தான். "சீனி இறங்கிடுச்சு... டாக்டர் சொன்னாரு..."

"இறங்கிடுச்சா? ஏறிடுச்சுன்னுல்ல நினைச்சேன்!" யாக்கூப் சீனிப்பாகாய் இனிக்கும் டின்பாலோடு ஓடிவந்து, விரலில் தோய்த்து அவன் உதட்டில் தடவினான். மறுபடி, மறுபடி.

"எனக்குப் பால் ஒத்துக்காது" என்று முனகிக்கொண்டே பரமசிவம் நக்கினான். மெல்ல மெல்ல இரண்டு யாக்கூப்பும் ஒன்றானார்கள்.

கோவிந்தசாமிக்குக் கணக்கு உதைத்தது. "எட்டுக் கரண்டி உள்ள போயும் எப்படிய்யா இறங்கும்?"

யாக்கூப் தலையைக் குனிந்துகொண்டான்.

"மங்களம் அக்கா கடைசியா ஆஸ்பத்திரிக்குப் போறப்ப, சீனிக்குப் பதிலாப் போடுற சாக்கரின் டப்பாவக் கையில கொடுத்து சத்தியம் வாங்கிட்டுப் போனாங்க. அன்னியிலேர்ந்து அண்ணன் குடிக்கிறதுல நான் ஒரு கரண்டி சீனிகூட போட்டதில்ல."