பாலம் போட்ட தீவு

இந்தத் தடவை பெண்டாட்டியிடம் மாட்டிக்கொள்வதில்லை என்று சபதம் எடுத்தேன். அம்பத்தூரில் குடியிருந்துகொண்டு பாடியில் ஃபிட்டர் வேலை பார்ப்பவனுக்குச் சபதமெல்லாம் எதற்கு என்று கேட்பீர்கள். என் பெயர் பரந்தாமன். பெயரில்தான் கிருஷ்ணன், தந்திரமெல்லாம் என் மனைவி தாட்சாயிணியிடம்.

நானும் பாடி வரதனும் மாங்காடு ஆனந்தனும் சேர்ந்து பழைய கார் சங்கம் ஒன்று வைத்திருந்தோம். உறுப்பினர் மூன்று, கார் மூன்று, ஓடுவது எப்போதும் இரண்டு. என் கார் வெள்ளைக்காரன் காலத்தது. காயலான் கடையிலிருந்து மீட்டு வந்து, பெற்ற பிள்ளைபோல் துடைத்து வைத்திருந்தேன். அப்போது பாம்பன் கடல்மேல் ரோட்டுப் பாலம் திறந்த புதிது. மூன்று காரையும் ராமேஸ்வரம் ஓட்டிப் போய், தனுஷ்கோடி மணலில் இறக்கி, தீவையே ஒரு சுற்று சுற்றுவதென்று சங்கம் ஏகமனதாகத் தீர்மானித்தது.

ராமேஸ்வரம் என்ற பெயரை மட்டும் வீட்டில் சொல்லக்கூடாது. சொன்னால் தாட்சாயிணி கிளம்பிவிடுவாள். எங்களுக்குக் குழந்தை இல்லை. மாங்காட்டில் ஆறு வாரம் எலுமிச்சம்பழம் ஆயிற்று, அரசமரம் சுற்றியாயிற்று, தொட்டில் கட்டியாயிற்று. ஒவ்வொரு கோயிலிலிருந்தும் சிரித்த முகத்தோடு வருவாள். பிறகு ஒருநாள் அடுப்புப் பக்கம் போகாமல் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொள்வாள். அந்த முதுகைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது பெரிய கொடுமை. ராமேஸ்வரம் ஒன்றுதான் பாக்கி. அங்கேயும் கேட்டு இல்லையென்று ஆகிவிட்டால் அவளுக்கு அப்புறம் என்ன இருக்கிறது? எனக்குப் பயமாக இருந்தது. ஆகவே தீவுக்குப் போகிறோம் என்று மட்டும் சொன்னேன்.

"இன்னா தீவுயா?"

"கரடுமுரடான தீவு. கல்லு, முள்ளு, மணலு. பொம்பளைங்க தாங்கமாட்டாங்க."

"கோயில் கீதா?"

"காக்கா கூட கெடையாது."

"காரை கப்பல்ல ஏத்திகினு போவீங்களா?"

"கப்பல் எதுக்கு? புச்சா பாலம் போட்டுக்கீறானே."

"அப்டியா" என்று சொல்லிவிட்டுப் புளி ஊறவைக்கப் போனாள்.

எதற்கும் இருக்கட்டுமென்று காரின் பின்சீட்டைக் கழற்றிப் பரணில் போட்டேன். ஸ்டெப்னியும் தண்ணீர் கேனும் வைக்க இடம் வேண்டும் என்றேன். அந்த சீட்டுக்கு நீல ரெக்சின் வாங்கித் தைத்துப் போட்டவள் அவள்தான். அதில் யாரையும் உட்கார விடமாட்டாள். யாருக்காக வைத்திருக்கிறாள் என்று நான் கேட்டதில்லை. நான் கழற்றியபோது வாசலில் நின்று பார்த்தாள். ஆனாலும் கழற்றி முடித்தேன்.

எந்த நாள் போய்ச் சேருவோம் என்று கேட்டபடியே புளிசாதம் கட்டிக் கொடுத்தாள். நானும் சொல்லி வைத்தேன்.

பாலத்தைத் தாண்டினோம். ஆனந்தன் கார் ஊருக்குள்ளேயே படுத்துவிட்டது. வரதன் கார் ரோடு முடிகிற இடத்தில் இனி முடியாது என்று நின்றது. அவனையும் ஏற்றிக்கொண்டு நான் தனுஷ்கோடி வரை போனேன். அங்கே இடிந்த சர்ச்சுக்குப் பக்கத்தில் என் கார் அச்சுவரை மணலில் இறங்கியது. டயரில் காற்றைக் குறைத்தோம். பனையோலை செருகினோம். சக்கரம் சுற்றியது, கார் நகரவில்லை.

கடலில் முழுக்குப் போட்டுவிட்டுத் திரும்புகிறவர்களை ஏற்றிக்கொண்டு ஒரு வேன் வந்தது. கயிறு கேட்கலாமென்று கையை ஆட்டினேன். வேன் நின்றது. ஈரப் புடவையோடு தாட்சாயிணி இறங்கினாள்.

"காக்கா கூட கெடையாதுன்ன. கடலாண்ட பிண்டத்துக்கு எத்தினி காக்கா கீது தெரியுமா?"

எப்படித் தெரிந்தது என்று கேட்டேன்.

"பாலம் போட்ட தீவு வேற எங்கயா கீது? ரேடியோவுல அதத்தானே சொல்லிகினு கீறான்." பக்கத்து வீட்டு நாகம்மாவைத் துணைக்கு அழைத்துக்கொண்டு முதல்நாளே ரயிலில் வந்துவிட்டாளாம்.

"வேண்டிக்கினியா?" என்றேன், பயந்துகொண்டே.

"இல்ல." மட்கார்டில் சாய்ந்துகொண்டாள். "கேக்க வரல. இனிமே கேக்கமாட்டேன்னு சொல்லிட்டுப் போவத்தான் வந்தேன். இத்தினி வருசமா கேட்டுட்டு, சொல்லாம கொள்ளாம நிறுத்தனா நல்லாவா இருக்கும்?"

நான் குனிந்து சக்கரத்தடியில் இருந்த பனையோலையை இழுத்தேன்.

"நீயும் கூட வந்து சொல்லுவன்னு நெனச்சேன். தனியா சொல்றதுக்குத்தான் கஷ்டமா இருந்திச்சு."

நான் அழுதுவிட்டேன். வரதன் டயரைப் பார்ப்பதுபோல் அந்தப் பக்கம் போய்க் குனிந்துகொண்டான். அவள் அழவில்லை. ஈர முந்தானையால் என் முகத்தைத் துடைத்துவிட்டு, கயிறு எடுத்து வரச்சொல்லி வேன் டிரைவரைக் கூப்பிட்டாள்.

வேன் இழுத்ததும் கார் வெளியே வந்தது. தீவைச் சுற்றிப் பார்த்தவள் அவள். நான் காரைச் சுற்றிப் பார்த்ததோடு சரி. ஊருக்கு என்கூடக் காரில் வந்துவிடு என்று கெஞ்சினேன்.

"எங்க உக்காருவேன்? முன்னாடி வரதன் கீறாரு, பின்சீட்டைக் கழட்டிட்டியே." வேனில் ஏறிக்கொண்டு ஜன்னல் வழியாகச் சொன்னாள். "ஊட்டுக்கு வந்ததும் பின்சீட்டை மாட்டு."

இன்னும் மனசில் ஆசை வைத்திருக்கிறாளோ?

"யாருக்கு தாட்சாயிணி?"

"எனக்குத்தான். இனிமே சொவத்தப் பாத்துகினு படுக்கமாட்டேன். அதுல காலை நீட்டிகினு ஊர் ஊரா வரப்போறேன். நீ ஓட்டு."

அன்றிலிருந்து அந்தக் காருக்கு அவள் முதலாளி, நான் டிரைவர். பேட்டா, புளிசாதம்.