ஆர்.எஸ்.புரத்துக் கருமத்தம்பட்டி

ஒரு நாட்டில் எது எத்தனை இருக்கிறது என்று தெரியாமல் அந்த நாட்டை ஆள முடியாது. தெரிந்துவிட்டால் மட்டும் ஒழுங்காக ஆண்டுவிடுவார்களா என்று கேட்கக் கூடாது. அந்தக் கேள்வி வேறு துறையைச் சேர்ந்தது. எண்ணிச் சொல்வது மட்டுமே அகில இந்திய எண்ணிக்கை நிறுவனத்தின் திருப்பணி. அதன் கோவைக் கிளை ஆர்.எஸ்.புரத்தில் ஒரு பட்டுச் சேலைக் கடையின் மாடியில் இருந்தது. தொண்ணூறுகளின் நடுவில் அங்கே ஒரு கம்ப்யூட்டர் வந்து இறங்கியது. அந்த அறைக்குள் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் போக வேண்டும். தண்டு மாரியம்மன் கோயிலில்கூட அந்த அலுவலகத்தார் அவ்வளவு பயபக்தியோடு நின்றதில்லை.

ராமுலு அங்கே கள ஆய்வாளர். ஊர் ஊராகப் போய் எண்ணுகிறவர் என்று அர்த்தம். அந்த வருஷம் விசைத்தறிகளை எண்ணச் சொல்லி உத்தரவு வந்தது. எந்த ஊரில் தறி அதிகமோ அந்த ஊருக்குப் புது டிரான்ஸ்பார்மர் என்று அரசு முடிவு செய்திருந்தது. ராமுலுவின் பங்குக்கு வந்தது கருமத்தம்பட்டி, அதாவது அவருடைய மாமனார் ஊர்.

வம்பு அங்கேதான். அவருடைய மச்சான் கெங்குசாமி அங்கே பன்னிரண்டு தறி ஓட்டிக்கொண்டிருந்தார். தெருவுக்கெல்லாம் சேர்த்து இருந்த ஒரே டிரான்ஸ்பார்மர் உச்சி வெயில் ஏறினால் படுத்துவிடும். அண்ணன் வீட்டு விருந்துக்குப் போன ராமுலுவின் மனைவி வெங்கடலட்சுமி, அண்ணி கண்ணைக் கசக்குவதைப் பார்த்துவிட்டு அங்கேயே உட்கார்ந்துகொண்டாள். அலுவலகத்துக்குப் போன் வந்தது.

"ஏனுங்க, தறியெல்லாம் எண்றது உங்க வேலைதானுங்களே? வந்து எண்ணி அனுப்பிச்சுப் போடுங்க. டிரான்ஸ்பார்மர் வந்த பொறவுதான் நான் ஊட்டுக்கு வாரேன்."

"அதுவரைக்கும் சோத்துக்கு என்ன பண்றது லட்சுமி?"

"கோயமுத்தூர்ல மெஸ்ஸா இல்லீங்க?"

இருந்தது. அந்த மெஸ் சாம்பார்தான் ராமுலுவின் வயிற்றை உண்டு இல்லை என்று ஆக்கிக்கொண்டிருந்தது. மறுநாளே பஸ் ஏற அவர் தயாராக இருந்தபோது மேலிடத்துச் சுற்றறிக்கை வந்து சேர்ந்தது. 'புள்ளிவிவர நிறுவனங்களில் ஊழியர் திறன் மேம்பாடும் இடர் மேலாண்மையும்' என்று தலைப்பு. அதை எந்த நாட்டிலோ எழுதினார்கள். டில்லிக்குப் பிடித்துப்போயிற்று. அந்த வருஷம் இளவட்டங்கள் எல்லாம் பேகி பேன்ட் போட்டதுபோல அலுவலகங்கள் எல்லாம் இடர் மேலாண்மை போட்டுக்கொண்டன. இரண்டும் இடுப்பில் நிற்கவில்லை.

கிளையின் துணை இயக்குநர் தம்பிதுரை கெட்டவர் அல்ல. மேலே இருந்து வரும் காகிதத்தை முழுசாக நம்புகிறவர், அவ்வளவுதான். கெட்டவரோடாவது குப்பை கொட்டிவிடலாம்.

"சொல்லுங்க ராமுலு. கருமத்தம்பட்டிக்குப் போனா என்னென்ன இடர்?"

"ஒண்ணுமில்லீங்க சார். அவிநாசி பஸ்ஸைப் புடிச்சா ஸ்டாப்புல எறங்கிக்கலாம்."

"நல்லா யோசிங்க. நாய் இருக்குமில்ல?"

"இருக்குமுங்க."

"வெயில்?"

"அடிக்குமுங்க."

"காப்பி?"

கொங்கு நாட்டில் வீட்டுக்கு வந்தவருக்குக் காப்பி கொடுக்காமல் ஒரு கேள்விக்கும் பதில் சொல்ல மாட்டார்கள். ஒரு தெருவை முடிப்பதற்குள் வயிறு குடமாகிவிடும்.

"சர்க்கரை வியாதினு எழுதிக்குங்க," என்றார் தம்பிதுரை. "ஆக, போனா மூணு இடர். போகலைனா?"

"போகலைனா எண்ணிக்கை வராதுங்களே சார்!"

"அது இடர் இல்ல ராமுலு. அது தாமதம். தாமதத்தைக் கவனிக்கச் சென்னைல தனி செக்ஷன் இருக்கு. அவங்க வேலையில நாம தலையிடக் கூடாது."

ஆகவே முதலில் பயிற்சி, பிறகு களம் என்று முடிவாயிற்று. சித்திரை வெயிலில் டை கட்டிக்கொண்டு சென்னையிலிருந்து ஒரு பயிற்சியாளர் வந்தார். கண்ணாடித் தாள்களை விளக்கின் மேல் வைத்துச் சுவரில் படம் காட்டினார். முதல் படத்தில் இப்படி இருந்தது: 'கண்ணால் கண்டதை எழுதாதே. பதிலளிப்பவர் வாயால் சொன்னதை மட்டும் எழுது. சொந்தக் கண் என்பது சொந்தக் கருத்து. சொந்தக் கருத்தே முதல் இடர்.' எல்லோரும் எழுதிக்கொண்டார்கள். அப்புறம் போண்டா கொடுத்தார்கள்.

போண்டாவுக்குப் பிறகு அலுவலகக் கூடமே கருமத்தம்பட்டி ஆனது. மேசை வரிசைகள் தெருக்கள், மேசைக்குப் பின்னால் இருப்பவர்கள் தறிக்காரர்கள். நாய் வேஷத்துக்கு ஆள் கிடைக்கவில்லை. அதனால் நாய் என்னும் இடர் நீக்கப்பட்டதாகக் குறிப்பு எழுதப்பட்டது. ராமுலு முதல் மேசையைத் தட்டினார். அங்கே தறிக்காரராக இருந்தவர் டைப்பிஸ்ட் சாஜிதா பேகம்.

"வணக்கமுங்க. உங்குளுக்குத் தறி எத்தனைங்க?"

"ஏதோ ஆண்டவன் புண்ணியத்துல ரெண்டு ஓடுதுங்க."

ராமுலு குரலைத் தாழ்த்தினார். "அக்கா, நாப்பதுனு சொல்லுங்கக்கா. அந்த ஊருக்குக் கரண்ட் வரட்டும்."

"நாப்பதுனு சொல்லிப்போட்டு, நாளைக்கு வரி கேட்டு வந்தா நீங்களா கட்டுவீங்க?"

"உங்குளுக்குத் தறியே இல்லீங்களே!"

"இல்லாதப்பவே இந்தப் பயம் பயப்படறேன். இருந்தா எப்படிப் பயப்படோணும்!"

மேசை மேசையாக அதே பதில்தான். வீட்டுக்கு இரண்டு தறி. பயிற்சியாளர் பூரித்துப்போனார். பூட்டிய வீடு இல்லை, வெயில் இல்லை, விரட்டியவர் இல்லை. "நிஜமான ஊரிலே இந்தத் தரம் வராது," என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டு ரயில் ஏறினார். தம்பிதுரை கணக்கைக் கம்ப்யூட்டரில் ஏற்றச் சொன்னார். ஏற்றுகிறவர் செருப்பைக் கழற்றினார்.

வீட்டுக்கு இரண்டு தறி என்று போனால் டிரான்ஸ்பார்மர் வராதே என்று ராமுலு தம்பிதுரையிடம் ஓடினார்.

"சார், ஒரு தடவை நெசமான ஊருக்கும் போயிட்டு வந்தர்றனுங்க."

தம்பிதுரை சுற்றறிக்கையை ஒரு தடவை புரட்டிப் பார்த்தார். "சரி, போங்க. நம்ம கணக்கோட ஊர் ஒத்துப்போகுதானு பாத்துட்டு வாங்க. ஒத்துப்போகலைனா அந்த ஊருக்குப் பயிற்சி தேவை."

ராமுலு பறந்தார். கெங்குசாமியின் வாசலில் பன்னிரண்டு தறிகளும் அடித்த அடியில் பேசுவதே காதில் விழவில்லை.

"வாங்க மாப்ளே, வாங்க! அம்மணி, மாப்ளைக்குக் காப்பி கொண்டா!" என்று கத்திய கெங்குசாமி, ராமுலு பையிலிருந்து காகிதத்தையும் பேனாவையும் எடுத்ததும் சுருதி இறங்கினார்.

"தறி எத்தனைங்க மச்சான்?"

"ரெண்டுங்க."

"பின்னால பன்னண்டு ஓடுதுங்களே! இது வரிக்கு எடுக்கற கணக்கு இல்லீங்க. டிரான்ஸ்பார்மருக்கு."

"எல்லாக் கணக்கும் அப்படித்தானுங்க மாப்ளே ஆரம்பிக்கும். போன தடவை நூலு தாரோம்னு எண்ணுனாங்க. வந்தது வரி நோட்டீசு. டிரான்ஸ்பார்மர் தெருவுக்குத்தானுங்களே வருது? மத்தவங்க நெறையாச் சொல்லிக்கட்டும். நான் ஒருத்தன் கொறச்சுச் சொன்னா என்ன ஆயிரப் போவுது?"

வெங்கடலட்சுமி காப்பியை நங்கென்று வைத்தாள். "ஏனுங்க, உங்குளுக்குக் கண்ணு இல்லீங்களா? பன்னண்டுனு எழுதுங்க!"

"கண்ணு இருக்குது லட்சுமி. பயிற்சியும் இருக்குதே."

எழுதியிருக்கலாம். அவர் கையை யார் பிடித்தார்கள்? தெருவே பிழைத்திருக்கும். ஆனால் சொந்தக் கண்ணால் பார்த்து, அதிலும் சொந்த மச்சான் வீட்டைப் பார்த்து எழுதினால் நாளைக்கு விளக்கம் கேட்பார்களே! மனுஷன் இரண்டு என்று எழுதி மச்சானிடமே கையெழுத்தும் வாங்கிக்கொண்டார். அடுத்த வீட்டிலும் காப்பி, இரண்டு தறி. அதற்கு அடுத்த வீட்டிலும் காப்பி, இரண்டு தறி. மற்றவர்கள் நிறையச் சொல்லட்டும் என்று ஊரில் ஒவ்வொருவரும் நினைத்திருந்தார்கள்.

அலுவலகக் கணக்கும் ஊர்க் கணக்கும் இம்மி பிசகாமல் ஒத்துப்போயின. "ஊர் பாஸ்!" என்று தம்பிதுரை எழுந்து நின்றே சொல்லிவிட்டார். டில்லியிலிருந்து கேடயம் வந்தது. எந்த இடரும் இல்லாமல் எடுக்கப்பட்ட முதல் கணக்கு என்று அதில் பொறித்திருந்தது.

பின்னாலேயே இன்னொரு உத்தரவும் வந்தது. வீட்டுக்கு இரண்டே தறி ஓடும் ஊரில் இப்போதுள்ள டிரான்ஸ்பார்மரே தேவைக்கு அதிகம். தேவைக்கு மிஞ்சிய மின்சாரம் ஓர் இடர். பெருந்துறைப் பக்கம் தறிக்கு மானியம் தரப்போவதாக யாரோ வதந்தி கிளப்பிவிட, அங்கே தறியைக் கண்ணால் பார்க்காதவர்கள்கூட ஆறு, எட்டு என்று அள்ளிவிட்டிருந்தார்கள். எனவே கருமத்தம்பட்டி டிரான்ஸ்பார்மர் லாரியில் ஏறிப் பெருந்துறைக்குப் போயிற்று. அந்த இடத்தில் இட்லிக் குண்டான் அளவில் ஒன்றை மாட்டினார்கள். கிணறு வெட்டப் போய்ப் பூதம் புறப்பட்ட கதைதான்.

டிரான்ஸ்பார்மர் வந்தால்தான் வருவேன் என்ற வெங்கடலட்சுமி, டிரான்ஸ்பார்மர் போனதால் வந்து சேர்ந்தாள். கூடவே தறியை நிறுத்திவிட்ட அண்ணன், அண்ணி, அவர்கள் மக்கள், அண்ணியின் தங்கை. ராமுலுவின் இரண்டு அறை வாடகை வீட்டில் கால் வைக்க இடமில்லை. மெஸ் சாப்பாடு நின்றது. அவருக்கு அதுவரைக்கும் சந்தோஷம்தான். ஆனால் குடிக்கத் தண்ணீர் போதவில்லை.

தெருவுக்குப் புதுக் குழாய் போட ஆள் கணக்கு எடுக்கிறார்கள் என்று ஒரு நாள் காலையில் பாவாத்தாள் என்ற மாநகராட்சி ஊழியர் வந்து வாசலில் நின்றார்.

"வணக்கமுங்க சார். ஊட்ல எத்தனை பேருங்க?"

உள்ளே ஒரே சந்தைக்கடைச் சத்தம். தண்ணீர் வரி ஏறும். வீட்டுக்காரர் காதுக்குப் போனால் வாடகையும் ஏறும். தெருவில் மற்றவர்கள் சரியாகத்தானே சொல்வார்கள்!

"ரெண்டே பேருங்க," என்றார் ராமுலு.

பாவாத்தாள் வாசலில் குவிந்து கிடந்த செருப்புகளைப் பார்த்தார். பிறகு இரண்டு என்று எழுதிக்கொண்டார்.

"எங்கீங்க பயிற்சி எடுத்தீங்க?" என்று கேட்டார் ராமுலு.

"ஆர்.எஸ்.புரத்துலீங்க. உங்க ஆபீஸ்லதான்."

"காப்பி சாப்பிடறீங்களா?"

"வேண்டாமுங்க சார். இடருங்க."

மழைக்கு முன்னாலேயே குழாய் வந்துவிட்டது. கட்டை விரல் பருமன்தான். தெருவே கூடி நின்று அரசாங்கத்தைத் திட்டித் தீர்த்தது. முதலில் ஆரம்பித்தவர் ராமுலு.