என் பெயர் ஸ்ரீகண்டன், தங்கள் பெயர்?

தங்களைப் பற்றிப் பேசத் தெரியாதவர்களால் யாருக்கும் தொந்தரவில்லை. நாம் பார்க்கப்போவது மற்ற ரகத்தை. சுயவிவரப் பிராணி என்று பெயர் வைத்துக்கொள்ளலாம். கல்யாணப் பந்தியில் பக்கத்து இலையிலும் பெங்களூர் ரயிலில் எதிர் சீட்டிலும் இதைக் காணலாம். நீங்கள் வாயைத் திறப்பதற்குள் தன் பெயர், தாத்தா ரயில்வே உத்தியோகமாக மைசூருக்கு வந்த கதை, பையன் படிப்பு, தன் சர்க்கரை அளவு எல்லாவற்றையும் கொட்டிவிட்டு, "அப்புறம், நீங்க?" என்று கேட்கும். கேட்பது வாய் மட்டும்தான். காது எப்போதோ கடையைக் கட்டியிருக்கும்.

மைசூர் ஹெப்பாளில் ஒரு பம்புத் தொழிற்சாலையில் சூப்பர்வைசராக இருக்கும் ஸ்ரீகண்டனையே எடுத்துக்கொள்ளுங்கள். ஐம்பதைத் தாண்டியும் கடலைத் தாண்டவில்லையே என்பது அவருடைய தீராத மனக்குறை. ஜப்பானிலிருந்து விருந்தாளி வருகிறார், நன்றாகப் பழகுகிற ஒருவரை அங்கே பயிற்சிக்கு அழைத்துப்போவார் என்று மேனேஜர் பரத்வாஜ் அறிவித்ததும் மனிதருக்குத் தூக்கம் போயிற்று. மாலையில் ஜப்பானிய வகுப்பும் ஆரம்பமாயிற்று.

முதல் பாடம் அறிமுகம். பெயர், ஊர், வேலை, குடும்பம், பொழுதுபோக்கு. ஸ்ரீகண்டனுக்கென்றே எழுதிய மாதிரி இல்லை? "வதாஷி வா ஸ்ரீகண்டன் தெஸ்", அதாவது நான் ஸ்ரீகண்டன், என்று குளியலறையில் சொன்னார், பால்காரரிடம் சொன்னார், கம்பெனி பஸ் டிரைவரிடம் குனிந்து வணங்கிச் சொன்னார். வகுப்பில் அவருக்கு ஜோடி ஸ்டோர்ஸ் பிரதிபா. அந்தப் பெண் தன் பெயரைச் சொல்ல ஆரம்பிக்கும்போதெல்லாம், "இரும்மா, பொழுதுபோக்கை இன்னொரு தடவை சொல்லிடறேன்" என்பார். பாவம், அவளுக்குக் கேட்பதைத் தவிர வேறு பயிற்சியே கிடைக்கவில்லை. வகுப்பு இரண்டாம் பாடத்துக்குப் போயிற்று. அவர் போகவில்லை. தன்னைப் பற்றித்தான் எல்லாம் வந்துவிட்டதே!

"ரீ, உங்க பேரு தெரு நாய்க்குக்கூடத் தெரிஞ்சாச்சு. அந்த ஜப்பான்காரர் திருப்பிப் பேசினா என்ன பண்ணுவீங்க?" என்றாள் மனைவி அன்னபூர்ணி.

"தலையாட்டுவேன்" என்றார் ஸ்ரீகண்டன்.

அந்த நாளும் வந்தது. வாசலில் பூங்கொத்தோடு பிரதிபா நிற்க, ஸ்ரீகண்டன் குனிந்து வணங்கிப் பிசிறில்லாமல் ஒப்பித்தார். விருந்தாளிக்கு முகமெல்லாம் மலர்ச்சி. இவருக்குப் புரியவேண்டுமே என்று ஒவ்வொரு சொல்லாக நிறுத்திச் சொன்னார்: பெயர் ஹோரிகுச்சி, ஊர் ககோஷிமா, இரண்டு பெண்கள், மனைவி ஆசிரியை, பொழுதுபோக்கு மாடியில் பாகற்காய் வளர்ப்பது. ஸ்ரீகண்டன் அழகாகத் தலையாட்டினார். மனசுக்குள் ஒரே கவலை: மேல்கோட்டை மலை ஏறுவதைச் சொல்ல மறந்துவிட்டோமே! விருந்தாளி மூச்சு விட்டதுதான் தாமதம், மேல்கோட்டையையும் அந்த ஊர்ப் புளியோகரைச் சாதத்தையும் சேர்த்துவிட்டார்.

ஊழியர்கள் எல்லோரும் ஹாலில் கூடியிருந்தார்கள். பரத்வாஜ் மைக்கை நீட்டினார். "ஸ்ரீகண்டன், நீங்கதான் அவரோட அவ்வளவு நேரம் பேசினீங்களே, எல்லாருக்கும் இன்ட்ரொட்யூஸ் பண்ணுங்க. ஜப்பானீஸ் வேண்டாம். கன்னடத்துல ரெண்டு வார்த்தை போதும், அஷ்டே."

ஸ்ரீகண்டன் கனைத்தார். விருந்தாளி ஜப்பானிலிருந்து வந்திருக்கிறார் என்றார். அது வாட்ச்மேனுக்கே தெரியும். "இவர் பேரு..." என்று நிறுத்தினார். திரும்பிப் பார்த்தார். விருந்தாளி புன்னகையோடு காத்திருந்தார். தேடத் தேட உள்ளே ஒரே ஒரு பெயர்தான் கிடைத்தது.

"வதாஷி வா ஸ்ரீகண்டன் தெஸ்" என்றார்.

ஹால் வெடித்துச் சிரித்தது. விருந்தாளி மட்டும் சிரிக்கவில்லை. அவர் முகம் வாடியது. அப்போதுதான் பிரதிபா மைக்கை மெதுவாக வாங்கி, அவர் பெயர், ஊர், பெண்கள், மனைவி, பாகற்காய் வரைக்கும் சொன்னாள். அவர் அவளுக்குக் குனிந்து வணங்கினார். அடுத்த மாதம் அவள் விமானம் ஏறுகிறாள்.

ஸ்ரீகண்டனுக்கு வருத்தம்தான். அதை நேற்று பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரரிடம் முழுக்கச் சொல்லித் தீர்த்தார். அந்தப் பக்கத்து சீட்டுக்காரர் யார் என்று அவரைக் கேட்காதீர்கள்.

நீங்கள் சிரிக்கிறீர்கள். தாராளமாகச் சிரியுங்கள். அந்த ஜப்பான்காரர் தன் பெயரை உங்கள் எதிரிலும்தான் நிறுத்திச் சொன்னார். கண்ணை மேலே ஓட்டாமல் சொல்லுங்கள் பார்ப்போம்.