உயிர்க்காவலரும் தொட்டி மூடியும்

உயிர்க்காவலர் என்று ஓர் இனம் உண்டு. அழிந்துவரும் இனமோ என்று கவலைப்படாதீர்கள். மாடிக்கு ஒருவர் கட்டாயம் இருப்பார். எங்கோ ஒரு தாய் குழந்தையைக் காருக்குள் விட்டுப் பூட்டிவிட்டுக் கடைக்குப் போன செய்தியைக் காலைப் பேப்பரில் படித்து, "ச்சே, இவளெல்லாம் ஒரு தாயா?" என்று எதிர்வீட்டுக்கும் கேட்கும்படி சொல்லிவிட்டு, அடுத்த கால் மணி நேரத்தில் ஆறு வயது மகளை ஸ்கூட்டரின் முன்னால் நிற்கவைத்து, ஹெல்மெட்டைத் தன் தலையில் மட்டும் மாட்டிக்கொண்டு, சிவப்பு விளக்கைத் தாண்டிப் பறப்பாரே, அவர்தான். நிறுத்திக் கேட்டுப் பாருங்கள். "ரெண்டு நிமிஷம்தானே சார், ஒண்ணும் ஆகாது" என்பார்.

நாம் பார்க்கப்போகிறவர் ஒரு குடியிருப்புச் சங்கத்தின் செயலாளர். ஐந்து மாடி, இருபது வீடு. கீழே வண்டி நிறுத்தும் இடத்தின் வெளி மூலையில் தரைக்குள் ஒரு தண்ணீர்த் தொட்டி. அதன் இரும்பு மூடி துருப்பிடித்து உடைந்து எட்டு மாதம் ஆகிறது. பிள்ளைகள் விளையாடும் இடம், மூடி போடுங்கள் என்று மூன்றாவது மாடித் தையல்காரம்மா மூன்று முறை எழுதிக் கொடுத்திருந்தார். மூன்று கடிதத்திலும் 'பரிசீலிக்கப்படும்' என்று எழுதி, பத்திரமாகக் கோப்பில் வைத்தார் செயலாளர். பரிசீலனை முடியக் காணோம். கடைசியில் காவலாளிதான் ஒரு பலகையைக் குழியின்மேல் போட்டு, இரண்டு செங்கல்லையும் தூக்கி வைத்தார்.

அப்போதுதான் தையல்காரம்மா கருவைக் கலைத்துவிட்டார் என்ற சேதி, துணி தைக்கக் கொடுத்த யாரோ ஒருவர் வழியாகப் படியிறங்கி வந்தது. என்ன காரணம்? யாருக்கும் தெரியாது. செயலாளருக்கும் தெரியாது, தெரியாதது அவருக்கு ஒரு குறையாகவும் படவில்லை. அவருக்குக் கண் கலங்கியது. நடிப்பு என்று நினைத்துவிடாதீர்கள், நிஜக் கண்ணீர். பிறக்காத குழந்தையை நினைத்தால் அவருக்குத் தாங்காது. அது பந்து கேட்காது, காய்ச்சலில் சிணுங்காது, தொட்டிப் பக்கம் ஓடாது. இவருக்கு வேலையே வைக்காது.

கரு எப்போது உயிராகிறது, யார் முடிவெடுப்பது என்பதெல்லாம் பெரிய கேள்வி. தூக்கம் கெட்டு யோசிக்கிறவர்கள் இரண்டு பக்கமும் இருக்கிறார்கள். செயலாளர் நன்றாகத் தூங்குகிறவர். காலையில் எழுந்ததும் தையல்காரம்மாவின் வீட்டு உரிமையாளருக்கு ஒரு மனு எழுதினார்: இப்படிப்பட்டவரை உடனே காலி செய்யச் சொல்ல வேண்டும். இரண்டு குழந்தையையும் தையல் மிஷினையும் தூக்கிக்கொண்டு அந்தம்மா எங்கே போவார்? மனுவில் அதற்கு இடம் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை கீழே கையெழுத்துக் கூட்டம். இரண்டாவது மாடி வக்கீல் மட்டும், "அது அவங்க உரிமை சார்" என்று அரை மணி நேரம் மறுத்துப் பேசினார். பிரமாதமான பேச்சு. அவரும் எட்டு மாதமாக அந்தக் குழியைச் சுற்றித்தான் கார் எடுக்கிறார்.

வக்கீல் ஓய்ந்ததும் ஒரு சிக்கல். 'ஓர் உயிரும் வீணாகக் கூடாது' என்று கொட்டை எழுத்தில் எழுதிய தாளையும் மனுவையும் ஒட்டிவைக்க ஒரு பலகை வேண்டும். செயலாளர் சுற்றிப் பார்த்தார். மூலையில் அளவெடுத்தாற்போல் ஒன்று கிடந்தது. செங்கல்லை ஓரமாகத் தள்ளிவிட்டு அதை உருவினார்.

"சார், அது தொட்டி மேல..." என்றார் காவலாளி.

"ரெண்டு நிமிஷம்தான்ப்பா."

பலகை தூணில் சாய்ந்தது. தாள் ஒட்டியாயிற்று. செயலாளர் தொண்டையைச் செருமிக்கொண்டு, "உயிருங்கிறது..." என்று ஆரம்பித்தார். ஆரம்பித்தால் இலேசில் முடியாது. அந்த நேரம் பார்த்து, ஓரமாக விளையாடிக்கொண்டிருந்த அவர் மகளின் பந்து உருண்டுபோய்த் தொட்டிக்குள் விழுந்தது. எடுக்கலாம் என்று அவள் குப்புறப் படுத்து, தலையை உள்ளே விட்டு, கையை நீட்டினாள். இன்னும் கொஞ்சம் நீட்டினாள். கால் இரண்டும் தரையைவிட்டு எழும்பின.

யாரும் பார்க்கவில்லை, எல்லாரும் உயிரைப் பற்றிக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். பந்து உருளும்போதே பார்த்துவிட்டவர், மேலே ஜன்னலோரம் தைத்துக்கொண்டிருந்த தையல்காரம்மா. கழுத்தில் அளவு டேப்போடு, செருப்புகூட இல்லாமல் மூன்று மாடியும் தடதடவென்று இறங்கி ஓடி, இரண்டு கணுக்காலையும் எட்டிப் பிடித்து இழுத்தார். மகளுக்குக் கன்னத்தில் ஒரு சிராய்ப்பு. அலறி அழுதாள். அழுகிற சத்தம் அவ்வளவு இனிமையாக இருக்கும் என்று அன்றுதான் அங்கே பலருக்கும் தெரிந்தது.

செயலாளர் மகளை வாங்கி இறுக்கிக்கொண்டார். ஆனாலும் வாய் பழக்கம் விடுமா? "நல்ல வேளை, ஒண்ணும் ஆகல."

"ஆகலைன்னா சரியாப் போச்சா சார்?" என்றார் அந்தம்மா, மூச்சு வாங்க.

பதிலுக்குக் காத்திராமல் தூணில் இருந்த பலகையைத் தூக்கிவந்து, ஒட்டிய தாள் மேலே தெரிய, குழியை மூடினார்.

"அம்மா, அதுல மனு இருக்கு..."

"இருக்கட்டும் சார். போட வேண்டியவங்க இங்க வந்து போடட்டும்."

கையெழுத்துப் போட வேண்டுமானால் தொட்டிமேல் மண்டியிட வேண்டும். பேனாவைக் கையில் வைத்திருந்தவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். ஒருவருக்கு அடுப்பில் பால் ஞாபகம் வந்தது. இன்னொருவருக்குப் போன் வந்தது. அந்தம்மாவின் வீடு அப்படித்தான் தப்பியது.

செயலாளர் திருந்தினாரா என்கிறீர்களா? அன்று சாயங்காலமே குடியிருப்பின் வாட்ஸ்அப் குழுவுக்கு அவர் அனுப்பிய செய்தி: 'பிள்ளைகளைக் கவனிக்காமல் விடும் தாய்மார்களை வன்மையாகக் கண்டிக்கிறோம்.' அவர் மனைவி அதைப் படித்துவிட்டு அவரை ஒரு பார்வை பார்த்தார். அந்தப் பார்வையை இங்கே எழுத முடியாது.

சிரிக்கிறீர்கள். நல்லது. ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். படித்துக்கொண்டே வரும்போது, 'அந்தம்மா ஏன் அப்படிச் செய்தார்?' என்று தெரிந்துகொள்ள உங்கள் மனம் குறுகுறுத்ததல்லவா? தொட்டிக்கு மூடி வந்துவிட்டதா என்று ஒரு தடவையாவது கேட்கத் தோன்றியதா?

இன்னும் வரவில்லை.